கல்யாணத்துக்குக் கழுவிய கார்

நனைந்த கார் சீட்டுத் துணி வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும். சவர்க்கார வாசனை மேலே மிதக்க, அதற்கடியில் பழைய வியர்வையும் மண்ணும் ஈரப் பஞ்சும் சேர்ந்து புழுங்குகிற வாடை; மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பையை மூடிவைத்து மறுநாள் திறந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். போன மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கார் கழுவும் கடையில் என் காரை விட்டிருந்தேன். என் மகன் பொட்டலத்தில் கட்டி வாங்கிய தேத்தண்ணீரைப் பின் சீட்டில் கவிழ்த்துவிட்டு, இரண்டு நாள் அதன்மேல் புத்தகப் பையை வைத்து மறைத்திருந்தான், கெட்டிக்காரன். கடைத் தம்பி ஏதோ ஒரு மெஷினால் நுரையைப் பீய்ச்சி, உறிஞ்சி எடுத்து, நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, "அரை மணி நேரம்லா அக்கா, காஞ்சிரும்" என்றான். அந்த அரை மணி நேரம் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றுகொண்டேன். எனக்குப் பதினோரு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாடையோடு ஒரு பொழுது முழுக்க இருந்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

எங்கள் தோட்டம் கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. செம்மண் சாலை, நல்ல மழை பெய்தால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். பாதி ரப்பர், பாதி செம்பனை. என் அப்பா சுப்பையா பால்மரம் வெட்டியவர்தான். அவர் வெட்டிக்கொண்டிருந்த நிரைகளைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டபோது, குலை வெட்டித் தூக்குகிற வேலைக்குத் தன் முதுகு லாயக்கில்லை என்று ஒரே மூச்சில் முடிவெடுத்து, யாரோ பயன்படுத்தி அலுத்துப்போன ஒரு சாம்பல் நிறக் காரை வாங்கி "கெரேத்தா சாப்பு" ஓட்ட ஆரம்பித்தார். உரிமம் இல்லாத வாடகைக் காருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மலாயில் சாப்பு என்றால் பெருக்குவது. வழியில் கை காட்டுகிறவர்களை எல்லாம் பெருக்கி அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற வண்டி. ஐந்து பேர் உட்காரக்கூடிய காரில் எட்டுப் பேரையும் ஒரு சேவலையும் ஏற்றிக்கொண்டு அப்பா பசாரிலிருந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர்கள் இறங்கிப் போவார்கள், கறை இறங்காது. மரம் வெட்டிவிட்டு அப்படியே ஏறுகிறவர்களின் கால்சட்டையிலிருந்து ரப்பர் பால். பிள்ளைக்காரிகள் ஏறினால் பிள்ளை கக்கியது. வெற்றிலை போடுகிற அத்தைமார்கள், கண்ணாடி ஏற்றியிருப்பது தெரியாமல் அதன்மேலேயே துப்பிவிட்டு, "ஐயையோ, கண்ணாடி இருக்கா இதுல?" என்று கேட்பார்கள்; கண்ணாடியில் பட்டது தெறித்துச் சீட்டுக்கு வரும். கெடாவில் வெள்ளிக்கிழமைதானே பள்ளி விடுமுறை, ஆகவே வாராவாரம் வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சீட்டுகளைத் துடைப்பது அம்மாவுக்கும் எனக்கும் விதித்த வேலை. அம்மா இதில் ஒரு டாக்டர் மாதிரி. முதலில் ஈர்க்குச்சி விளக்குமாற்றின் அடிக்கட்டையால் சீட்டைத் தட்டித் தூசியைக் கிளப்பவேண்டும், காய்ந்த மண்ணை ஈரமாக்கவே கூடாது. அப்புறம் வாளியில் சவர்க்காரத்தைக் கரைத்து, நுரை வரும்வரை கையால் அடித்து, நுரையை மட்டும் அள்ளிப் பூசித் தேய்க்கவேண்டும், கறையின் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக. "தண்ணிய ஊத்தாத. உள்ள பஞ்சு குடிச்சிருச்சுன்னா நாலு நாளைக்கு நாறும்" என்பது அம்மா ஓயாமல் சொல்வது. ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீரும் உப்பும், சுடுதண்ணீர் ஆகாது. ரப்பர் பாலுக்கு எலுமிச்சை ஆகாது, பால் கொட்டகையில் பாலை உறையவைக்க ஊற்றுவதே புளிப்பு மருந்துதானே. காயவிட்டு விரலால் உருட்டி உருட்டி எடுக்கவேண்டும். வெற்றிலைச் சாற்றிடம் மட்டும் அம்மா தோற்றுப்போனாள். அந்த இடங்களில் துண்டை விரித்து மூடிவிட்டாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தோட்டத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், பிரசவ வலி வந்தாலும், அரிவாள் காலில் இறங்கினாலும், எந்த நேரத்திலும் அவர் கார் எடுப்பார். ஆஸ்பத்திரிச் சவாரிக்குக் கை நீட்ட மாட்டார். அப்படிப் போய் வந்த பிறகு சீட்டு எந்தக் கோலத்தில் இருந்தாலும், அந்த வீட்டுக்காரர்கள் வாளியும் துணியுமாக வந்து நின்றால் விடமாட்டார். "போம்மா, போய் நோயாளியப் பாரு. எங்க வீட்டுல கழுவிக்குவாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர்களுக்கு வெட்கமாக இருக்கும், அடுத்த தடவை கூப்பிடத் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு அது பெரிய கடுப்பு. யாரோ கக்கியதை நான் ஏன் தேய்க்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பேன். அப்பா காதில் விழுந்தாலும் விழாதமாதிரி போய்விடுவார்.

இந்த நிலையில்தான் கிராணியார் வீட்டுக் கல்யாணம் வந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி என்றால் எங்களுக்கு அவர் பாதி துரை. அவருடைய கார் பட்டர்வொர்த்துக்கும் தோட்டத்துக்குமாக உறவுக்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததால், கல்யாணப் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போக அப்பாவின் காரைக் கேட்டிருந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோழியும் கருவாடும் ஏறிய வண்டியில் கூறைப்புடவை கட்டிய பெண் ஏறப்போகிறாள் என்றால் சும்மாவா? அம்மா ஒரு சின்னப் பேரத்தை என்னிடம் வைத்தாள். சனிக்கிழமை காலை பெண்ணழைப்பு. வெள்ளிக்கிழமை நானே தனியாகச் சீட்டைக் கழுவிப் பளிச்சென்று வைத்தால், முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பெண்ணோடு மண்டபம் வரைக்கும் போகலாம். பட்டுப்பாவாடையோடு மண்டப வாசலில் முதல் ஆளாக இறங்கி நிற்கிற என்னைப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் எல்லாரும் பார்த்து வயிறெரிவதை நான் வாரம் முழுக்கக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அப்பா லங்காவி போகிற ஒரு குடும்பத்தைக் கோலா கெடா படகுத்துறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும்போது கல்யாணச் சமையலுக்கு இரண்டு கூடை மீன் வாங்கிப் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த மனுஷருக்குக் கல்யாணக் கார் என்பது அதற்குள் மறந்துவிட்டது. கூடைக்கடியில் போட்ட பிளாஸ்டிக் தாளில் ஓட்டை. மீன் தண்ணீர் சீட்டின் ஒரு பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "உன் பாடு, உங்கப்பா பாடு" என்று சொல்லிவிட்டு, கறிகாய் நறுக்கக் கிராணி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வீடு தோட்டத்தின் மறுகோடியில், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தையும் தாண்டி மேட்டில் இருந்தது. அப்பா கண்கள் சிவந்து கிடந்தார். "நான் செத்த கண்ணசர்றேன் பாப்பா. யாராச்சும் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் பின்னறையில் போய்ப் படுத்தார். காற்றாடி கடகடவென்று சுற்றுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

நான் முறைப்படிதான் ஆரம்பித்தேன். தட்டினேன், நுரை எடுத்தேன், உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். மீன் நாற்றம் போகவில்லை. குனிந்து முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் கோலா கெடா மீன் சந்தையே என் மூக்கில் ஏறியது. கூறைப்புடவையில் மீன் வாடை அடித்துப் பெண்வீட்டார் மூக்கைப் பொத்திக்கொள்வதையும், முன்சீட்டிலிருந்து நான் இறக்கிவிடப்படுவதையும் நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாதான் பக்கத்தில் இல்லையே என்ற தைரியத்தில், குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிவந்து அப்படியே சீட்டின்மேல் ஊற்றினேன். நாற்றம் கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். துணியின் நிறம் தெளிந்து வந்தது உண்மைதான், ஆனால் கையால் அழுத்தினால் ஊறின ரொட்டிபோலத் தண்ணீர் பொங்கியது. வீட்டிலிருந்த துண்டு, சாரோங், பழைய போர்வை எல்லாவற்றையும் விரித்து முழங்காலால் ஏறி ஏறி அழுத்திப் பிழிந்தேன். நான்கு கதவுகளையும் திறந்து வெயிலுக்குக் காட்டினேன். மதியத்துக்கெல்லாம் மேல்துணி வெளுத்து அழகாகத் தெரிந்தது. அந்தச் சீட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அப்போதுதான் மாரியப்பன் அண்ணன் ஓடிவந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. அவர் மனைவி பூங்காவனம் அக்காவுக்கு அது தலைப்பிரசவம், இன்னும் ஒரு மாதம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னைக் கூப்பிட்டு வயிற்றில் கைவைத்துப் பார்க்கச் சொல்வார், "உதைக்குது பாரு, ஒன்னமாதிரி வாயாடிதான்" என்று சிரிப்பார். மாரியப்பன் அண்ணன் மேல்சட்டை இல்லாமல், வெறுங்காலோடு, மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பாப்பா, அப்பா எங்க? அக்காவுக்கு ரத்தமா போவுது. சீக்கிரம் கூப்புடு!"

இதை எத்தனையோ தடவை எனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் உளறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. "ரத்தம்" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பூங்காவனம் அக்காவின் முகம் தோன்றவில்லை, அந்தச் சீட்டுதான் தோன்றியது. வெளுத்த துணியில் ரத்தம் படும், அடிப்பஞ்சு வேறு ஊறிக்கிடக்கிறது, அவ்வளவும் உள்ளே இறங்கிவிடும், நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகாது. இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டது என் மனசு. பதினோரு வயதில் அவ்வளவு சாமர்த்தியம்.

"அப்பா இல்லண்ணே. கிராணி வீட்டுக்குப் போயிருக்காரு. சாவி அவருகிட்டதான் இருக்கு" என்றேன்.

அவர் காரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுப்பையா மகள் பொய் சொல்லுவாள் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார். திரும்பி மேட்டுப்பக்கம் ஓடினார். ஓய்வு நாள், தோட்டத்து வேன் டிரைவர் ஊரில் இல்லை, ஆபீஸ் பூட்டியிருந்தது, தோட்டத்துக்கே இருந்த ஒரு டெலிபோன் அந்த ஆபீஸுக்குள் இருந்தது. அவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நான், உள்ளே போய் அப்பாவை எழுப்பியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நான் போகவில்லை. ஈரத்துண்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை சீட்டை அழுத்தினேன்.

கிராணி வீட்டில் மாரியப்பன் அண்ணன் அப்பாவைத் தேட, கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து, அத்தனை கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில், "இங்க எங்க வந்தாரு? வீட்ல தூங்குறாருலா!" என்று கத்தியிருக்கிறாள். விருந்தாளிகளின் மோட்டார் சைக்கிள்களில் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓடிப்போனதும் ஆளைத் தேடினதும் திரும்பினதுமாகச் சேர்ந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். சத்தம் கேட்டு அப்பா சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார், காரை ரிவர்ஸிலேயே கொண்டுபோய் மாரியப்பன் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டு பேர் பூங்காவனம் அக்காவைப் பாயோடு தூக்கிவந்து அந்த ஈரச்சீட்டில் கிடத்தினார்கள். அம்மா ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாரியப்பன் அண்ணன் முன்சீட்டில் ஏறினார்.

சுங்கை பட்டாணி போகும்வரைக்கும், "குளிருதுக்கா, முதுகெல்லாம் குளிருது" என்று பூங்காவனம் அக்கா முனகிக்கொண்டே வந்ததாக அம்மா வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

குழந்தை பெண். அழவே இல்லையாம். அக்கா மட்டும் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒரு நர்ஸ் மலாயில் சொன்னதை மாரியப்பன் அண்ணன் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி நடையில் அப்பா முன்னால் வந்து நின்று, சத்தம் போடாமல், "ஏண்ணே, வீட்லதானே இருந்தீங்க. ஏன் இல்லன்னு சொல்லச் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் முன்பே ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனதே அப்பாவுக்கு அந்த நிமிஷம்வரைக்கும் தெரியாது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். "தப்புதான்பா. நாளைக்குக் கல்யாணச் சவாரி இருக்கேன்னு, யாரு வந்தாலும் இல்லன்னு சொல்லிருன்னு நான்தான் புள்ளகிட்ட சொல்லிவெச்சிருந்தேன்" என்றாராம். மாரியப்பன் அண்ணன் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒருவேளை அதோடு போயிருக்கும்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்ததும் வராததுமாக என் தலைமுடியைப் பிடித்தாள். அப்பா அவள் கையை எடுத்துவிட்டார். "நீதான் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "சரி. இனிமே யாரு கேட்டாலும், அப்பா சொல்லச் சொன்னாருன்னு சொல்லணும். வெளங்குதா?" என்றார். அம்மா, "ஏங்க, இவ பண்ணின வேலைக்கு நீங்க ஏன் பழி சுமக்கணும்? ஊரு காறித் துப்பும்ங்க" என்று அழுதாள். அப்பா சொன்னது இன்றைக்கும் அப்படியே எனக்குக் கேட்கிறது: "இவ இந்தத் தோட்டத்துல வளரணும்லா. பொட்டப் புள்ள. நாளைக்கு ஒரு வீட்டு வாசலுக்குப் போனா, 'இவதான் அந்தப் புள்ளையச் சாவடிச்சவ'ம்பாங்க. எனக்கு என்னா, நாலு வாய் பேசும், பேசிட்டுப் போவுது."

நாலு வாய் இல்லை, தோட்டமே பேசியது. கிராணி வேறு காருக்கு ஏற்பாடு செய்துகொண்டார்; எங்களைக் கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லவில்லை, நாங்கள் போகவில்லை. "கல்யாணச் சவாரி பெருசாப் போயிருச்சு அவனுக்கு" என்று தண்ணீர்க் குழாயடியில் நான் குடம் பிடிக்கும்போதே பேசினார்கள். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள், அதுதான் கொடுமை. "பாவம், சின்னப் புள்ளைய பொய் சொல்ல வெச்சிருக்கான் பாரு" என்று ஒரு அத்தை என் தலையைத் தடவினார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சீட்டை அப்பா எங்களைத் தொடவிடவில்லை. தானே உப்புத் தண்ணீர் வைத்து, நுரை வைத்து, ஒரு நாள் முழுக்கத் துடைத்தார். மேலே சுத்தமாகிவிட்டது. இரண்டு நாள் காய்ந்ததும், அடியிலிருந்து பழுப்பாக ஒரு வட்டம் மேலே ஏறி வந்தது. நான் ஊற்றிய தண்ணீரோடு கலந்து ஆழமாக இறங்கின ரத்தம், காயக் காயத் துணிக்கு ஏறுகிறது. மறுபடியும் துடைத்தார். மறுபடியும் வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். குனிந்து தேய்க்கிற அவருடைய முதுகு, குலை வெட்ட ஆகாது என்று அவரே ஒதுக்கிய முதுகு, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "அப்பா, நான் போய் மாரியப்பன் அண்ணன்கிட்ட சொல்லிர்றேன்" என்று ஒரு நாள் கிட்டப்போய்ச் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டே, "உள்ள போய்ப் பாடம் படி" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று புத்தகத்தைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா பின்னறையில் படுக்கவே இல்லை. வாசல் கதவை ஒட்டி முன்னறையில் பாயைப் போட்டுக்கொண்டார், யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கே எழுந்திருக்கவேண்டுமாம். யாரும் கூப்பிடவில்லை. அரிவாள் வெட்டுப்பட்டவனைக்கூட மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பசார் போகிறவர்கள் எங்கள் காரைக் கண்டால் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்கள். ஒரு வருஷம்போலத் தாக்குப்பிடித்தார். அப்புறம் காரை விற்றுவிட்டு, சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரராகச் சேர்ந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புது இடத்தில் நான் நன்றாகப் படித்தேன். ஒரு வீட்டு வாசலிலும் என்னை யாரும் நிற்கவைக்கவில்லை. அவர் நினைத்தது நடந்தது.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். அப்பாவின் சாவுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் சீனர்களும் வந்தார்கள், என் சிநேகிதிகள் வந்தார்கள். முப்பது வருஷம் மூத்திரத்தையும் ரத்தத்தையும் முகம் சுளிக்காமல் ஏற்றிச்சென்ற அவருக்கு அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். முப்பது வருஷம் என்று கோபத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் எட்டு வருஷம்தான் கார் ஓட்டினார். கோபம் யார்மேல் என்றால், அவர்கள்மேல் இல்லை.

கார் கழுவும் கடையில் அந்த வெயிலில் நின்ற மறுநாள், விசாரித்துக்கொண்டு பூங்காவனம் அக்காவைத் தேடிப் போனேன். கோலா கெத்தில் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், சின்ன வீட்டில், மகன் மருமகளோடு இருக்கிறார். பின்னால் ஒரு மகன் பிறந்திருந்தான். மாரியப்பன் அண்ணன் இப்போது இல்லை. கோத்தா கோலா மூடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த நெத்திலியைத் தாளில் கொட்டி அக்கா தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கை நின்றது. பிறகு "உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். நான் தரையிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும், தண்ணீர் ஊற்றியதிலிருந்து சொன்னேன். முன்சீட்டு ஆசையைச் சொன்னேன். ஈரத்துண்டைத் திருப்பிப் போட்டதையும் சொன்னேன். அவர் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"அப்பா போயி எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"மூணு வருசம்க்கா."

"தெரியும். எம் மவன்தான் சேதி சொன்னான், போலாமான்னு கேட்டான். அந்த ஆளு மூஞ்சில முழிக்கமாட்டேன்னு நான்தான் சொன்னேன்." இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "எங்க வீட்டுக்காரரு சாவுறவரைக்கும் உங்கப்பாவ வைதாரு. நானும் வைவேன். விளக்கு வெக்கிறப்பகூட வைஞ்சிருக்கேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"நீ சின்னப் புள்ள. அன்னிக்கு உன்ன என்னா சொல்றது" என்றார். "ஆனா அப்புறம் நீ பெரியவளா ஆனியே, சரசு. ஆவலயா?"

 திரும்பும்போது தோட்டத்துக்குள் வண்டியை விட்டேன். எங்கள் லய வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை, நான்காவது வீடு எது, பெரட்டுக் களம் எது என்று தெரியவில்லை. மேட்டில் கிராணி வீடும் இல்லை. குழாயடியில் நின்று பேசிய வாய்கள் பினாங்கிலும் ஜோகூரிலும் சிதறிவிட்டன, பாதிப்பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவரை வைதபடியே போயிருப்பார்கள். நின்று உரக்கச் சொல்ல எனக்கு அங்கே ஒரு வாசல்கூட மிஞ்சவில்லை.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தால், வீட்டில் அந்தக் காலத்து மனிதர்கள் இன்னும் இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்: கெரேத்தா சாப்பு ஓட்டின சுப்பையா அன்றைக்கு யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியது அவர் மகள்.